முதலில் மாற்ற வேண்டியது ரிம் அல்ல

"தீவு விரைவுச்சாலையில் லாரி சம்பந்தப்பட்ட விபத்து. முதல் தடம் அடைக்கப்பட்டுள்ளது. வாகனமோட்டிகள் கவனமாகச் செல்லவும்."

வானொலியில் இப்படி எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாசித்து முடித்ததும் அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். அந்த லாரியில் யார் இருந்தார், அதன் டயர் எப்படி இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது, டோபி காட்டில் ஒரு மழை இரவு.

என் அண்ணன் திருமண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்பவர். தேக்காவில் பூ வாங்கி, வீட்டில் கட்டி, மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவார். வாடகை வேனுக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கினார். எட்டு வயது வண்டி. டீசல். முன்னால் ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தளம். வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம்.

வாங்கிய அன்றே அண்ணன் ஒரு பட்டியல் போட்டார். கறுப்பு ரிம், வெள்ளை எல்இடி முகப்பு விளக்கு, பெரிய திரையுள்ள பாட்டுப் பெட்டி, கதவில் கடையின் பெயர். கையில் இருந்தது 3,000 வெள்ளி.

"வண்டியைப் பார்த்தாலே நம்ம கடைனு தெரியணும்" என்றார்.

நானும் தலையாட்டினேன். பாட்டுப் பெட்டிக்கு எந்த ஸ்பீக்கர் நல்லது என்று சொன்னதே நான்தான்.

ஒய்எம்சிஏ சிக்னல்

ஒரு ஞாயிறு இரவு. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு முடிந்தது. கை உதவிக்கு நானும் போயிருந்தேன். மேடையைப் பிரித்து, இரும்பு வளைவு, பூச்சட்டி, தூண் எல்லாவற்றையும் ஏற்றினோம். முன்னால் அண்ணன், நான், மூத்த ஊழியர் ஒருவர். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி பின்னால் ஏறிக்கொண்டார். "பக்கத்துலதானே அக்கா, தேக்கா வரைக்கும்தானே" என்றார்.

மழை பிடித்தது. பிளாசா சிங்கப்பூராவைத் தாண்டி ஒய்எம்சிஏ பக்கம் வரும்போது விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்பானது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். பின்பக்கம் மட்டும் தனியாக வலப்புறம் நழுவியது. கோட்டைத் தாண்டி, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் பாதி நின்றோம். குடையோடு நின்ற ஒரு பாட்டி ஓரடி பின்னால் போனார். அதே நேரம் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம்.

கயிறு அறுந்து இரும்பு வளைவு சாய்ந்திருந்தது. தம்பி தோளால் தாங்கியிருந்தார்.

"ஒண்ணும் இல்லண்ணே. பூ ஸ்டாண்டுதான்."

தோள் கன்றிப்போயிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நான் உட்கார்ந்திருந்தது அவர் உட்கார வேண்டிய இருக்கை. சாமானோடு சாமானாக ஆளையும் ஏற்றியது எங்கள் தவறு. அதில் வண்டியை மட்டும் குறை சொல்ல முடியாது.

2021 ஏப்ரல் 20ஆம் தேதி இதே தீவு விரைவுச்சாலையில், 17 ஊழியர்களை ஏற்றிச்சென்ற லாரி ஒன்று டிப்பர் லாரி மீது மோதி இருவர் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு லாரியில் ஊழியர்களை ஏற்றுவது பற்றி நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. அந்தச் செய்தியை நான் நிகழ்ச்சியில் பேசியிருக்கிறேன். நம் வீட்டு வண்டியும் அதே வகைதான் என்று அப்போது தோன்றவில்லை, அப்போது நம்மிடம் வண்டி இல்லை. இப்போது இருக்கிறது.

பட்டியல் தலைகீழானது

மறுநாள் அண்ணன் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த மூத்த மெக்கானிக் ரிம்மைப் பற்றிப் பேசவே இல்லை. குனிந்து டயரின் பக்கச் சுவரைத் தடவினார்.

"இதப் படிச்சீங்களா?"

நான்கு இலக்க எண். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2317 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். எங்கள் வண்டியின் பின்டயர்கள் வண்டியின் வயதேதான். பூவை மட்டும் ஏற்றிய வண்டி என்பதால் தேயவில்லை, ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். பள்ளம் இருந்தும் ரப்பர் இறுகிவிட்டால் ஈரச் சாலையில் பிடிக்காது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

பிக்கப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாரம் தாங்குவதற்காகப் பின்னால் கெட்டியான பட்டை ஸ்பிரிங் இருக்கும். பாரம் குறைவாக இருக்கும்போது பின்சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்காது. பூ கனமான சரக்கா என்ன? அதனால்தான் பின்பக்கம் நழுவியது. பின்பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பிக்கப்களில் இருக்கிறது. அழகுக்காக வண்டியின் பின்புறத்தைத் தூக்கினாலோ கூடுதல் பட்டை போட்டாலோ அந்த வால்வின் கணக்கும் தப்பிவிடும் என்றார் மெக்கானிக். அண்ணனின் பட்டியலில் அடுத்ததாக அதுவும் இருந்திருக்கும்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் புதிய பட்டியல் எழுதினோம். அம்மாதான் பேனாவைப் பிடித்தார்.

முதலில் டயர், நான்கும் ஒரே நேரத்தில். கார் டயர் அல்ல, சரக்கு வாகனத்துக்கான 'சி' குறியிட்ட டயர். பாரம் தாங்கும் எண் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையோடு பொருந்த வேண்டும். காற்றழுத்தத்துக்கும் அதே அட்டைதான் கணக்கு. செலவு 620 வெள்ளி.

இரண்டாவது பிரேக். முன்னால் பேட், பின்னால் ஷூ, பிரேக் எண்ணெய். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரக்காற்றைச் சொல்லவே வேண்டாம். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்குச் சான்று இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 480 வெள்ளி.

மூன்றாவது எஞ்சின். எண்ணெய், எல்லா ஃபில்டர்களும், குளிர்விக்கும் திரவம், வெளிப்புற பெல்ட். டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிட வேண்டும். 360 வெள்ளி.

நான்காவது கண். முகப்பு விளக்கின் மஞ்சளடித்த கண்ணாடியைத் தேய்த்துத் தெளிவாக்கியது, சரியான பல்ப், புதிய வைப்பர். 130 வெள்ளி. ஹேலஜன் பல்புக்காக வடிவமைத்த கூட்டுக்குள் எல்இடியைத் திணித்தால் ஒளி சிதறும். நமக்குச் சாலை தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். அந்த ஆசையை அண்ணன் அங்கேயே விட்டார்.

ஐந்தாவது கட்டு. ராட்செட் பட்டை, வலை, தளத்தில் வழுக்காத ரப்பர் விரிப்பு. 210 வெள்ளி. நைலான் கயிற்றைக் குப்பையில் போட்டோம்.

மொத்தம் 1,800 வெள்ளி. வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் எதுவுமே மாறவில்லை.

இரண்டு ஆண்டு வண்டிக்கு எவ்வளவு?

சிங்கப்பூரில் பழைய பிக்கப் வாங்குபவர் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு கணக்கும் போட வேண்டும். சரக்கு வாகனங்களுக்கு 'சி' பிரிவில் வாகன உரிமைச் சான்றிதழ். பத்தாண்டு முடிந்தால் வண்டியைப் பதிவு நீக்க வேண்டும், அல்லது கடந்த மூன்று மாதச் சராசரிக் கட்டணத்தைக் கட்டி 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். பதிவு நீக்கும்போது ரிம்மும் பாட்டுப் பெட்டியும் போட்ட பணத்தைத் திருப்பித் தராது. அதனால் எந்தப் பொருளை வாங்குமுன்பும் அண்ணன் இப்போது ஒரே கேள்வி கேட்கிறார்: "ரெண்டு வருஷத்துல இது தன் காசைச் சம்பாதிச்சுடுமா?" டயர் சம்பாதிக்கும். கட்டுப் பட்டை சம்பாதிக்கும். கறுப்பு ரிம் சம்பாதிக்காது.

இன்னொன்று பரிசோதனை. பத்து வயதுக்குட்பட்ட சரக்கு வாகனத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சான்றிதழைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை ஒப்புதல் தேவையில்லாதவை, ஒப்புதல் தேவைப்படுபவை, அனுமதி இல்லாதவை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. காசு கொடுக்கும் முன் அதைப் படியுங்கள். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவதற்குக்கூட அளவு உண்டு. முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும்.

எடையும் அப்படித்தான். வண்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் இரண்டு எடைகளின் வித்தியாசம்தான் நாம் ஏற்றக்கூடிய பாரம். இரும்புக் கூரை, இரும்புப் பெட்டி என்று மாட்டிக்கொண்டே போனால், அந்த எடை சரக்கின் கணக்கிலிருந்துதான் கழியும். இலகு சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. அந்த வேகத்துக்கு எந்தப் பந்தய உதிரிபாகமும் தேவையில்லை.

மிச்சம் 1,200 வெள்ளி

"இப்ப ரிம் போடலாமே?" என்று ஒருநாள் நானே கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தத் தம்பியை இனிமே பின்னால ஏத்தக்கூடாதுனு இருக்கேன்" என்றார்.

லாரித் தளத்தில் ஊழியரை ஏற்றுவதற்கு விதிகள் உண்டு. ஒருவருக்கு 8 சதுர அடி இடம் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. விதிப்படி இடம் பண்ணித் தருவதைப் பற்றி அண்ணன் யோசிக்கவில்லை. பின்னால் யாருமே வேண்டாம் என்று முடிவெடுத்தார். மிச்சமிருந்த 1,200 வெள்ளியை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். பகல் வேலைக்குத் தம்பிகள் பெருவிரைவு ரயிலில் வருவார்கள். வேலை முடிய நள்ளிரவானால் டாக்சி. அந்தச் செலவுக்குத்தான் அந்த டின். காலியானால் விலைப்பட்டியலில் ஒரு வரி கூடும். மணவீட்டார் கேட்டால் காரணம் சொல்வோம்.

டோபி காட் என்ற பெயரே நம் மக்கள் பெயர்தான். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, இன்று ஒய்எம்சிஏ இருக்கும் பக்கம் உலர்த்தினார்கள். இன்று அந்த இடத்தில் மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. போன வாரம் அதே சிக்னலில் மழையில் நின்றோம். வண்டி கோட்டுக்கு ஒரு கை முன்னாலேயே, நேராக நின்றது. கைப்பேசி ஒலித்தது. தம்பிதான்.

"அண்ணே, நான் தேக்கா வந்துட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?"

ரயில் எங்களை முந்திவிட்டிருந்தது. அண்ணன் சிரித்தபடி, "வர்றேன்டா, விளக்கு இன்னும் சிவப்புதான்" என்றார்.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் போக்குவரத்துத் தகவல் வாசித்தேன். லாரி என்ற சொல் வந்ததும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக வாசித்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால், இன்று மாலை டயரின் பக்கச் சுவரில் அந்த நான்கு எண்களைப் பார்த்துவிடுங்கள். ரிம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.