பக்கத்து வீட்டில் கீசர் போட்டால் உங்கள் டி.வி. எரியுமா? – நாலாவது கம்பி செய்கிற வேலை!

ராத்திரி எட்டு மணி. ஹாலில் குடும்பமே உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறது.

திடீரென்று லைட் பளீர் என்று எரிகிறது. பேன் "விர்"ரென்று சுற்றுகிறது. "அட, இன்னிக்குக் கரண்ட் நல்லா வருதே!" என்று வீட்டுக்காரர் சொல்லி வாய் மூடவில்லை.

"டப்!"

டி.வி. அவுட். அடுத்த நிமிஷம் சமையல் கட்டிலிருந்து கருகல் நாற்றம். பிரிஜ்ஜும் போச்சு. மூலையில் இருந்த வை-பை பெட்டியும் போச்சு.

பதறி அடித்துக்கொண்டு கீழ் வீட்டுக்கு ஓடினால் அங்கே நிலைமை தலைகீழ். லைட் மினுக் மினுக் என்று அழுகிறது. பேன் சுற்ற மாட்டேன் என்கிறது.

ஒரே கட்டிடம். ஒரே மீட்டர் போர்டு. மேலே அதிகக் கரண்ட், கீழே கரண்டே இல்லை. இது எப்படி?

சென்னையில் மழைக்காலம் வந்தால் ஏதாவது ஒரு தெருவில் நடக்கிற கதைதான் இது. எலக்ட்ரீஷியன் வந்து பார்ப்பார். ரெண்டே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "நியூட்ரல் கட்!"

அது என்ன நியூட்ரல்? அது அறுந்தால் கரண்ட் நிற்கத்தானே வேண்டும், ஏன் அதிகமாகிறது? வீட்டுக்குத் திரீ பேஸ் கரண்ட் வாங்கி வைத்திருப்பவர்களிலேயே பல பேருக்கு இது தெரியாது.

கயிறு இழுக்கும் 3 பேர்

தெருக்கோடியில் இருக்கிற டிரான்ஸ்பார்மரை நிமிர்ந்து பாருங்கள். (தூரத்தில் நின்று பாருங்கள்!) அதற்குள் 11 ஆயிரம் வோல்ட் நுழைகிறது. வெளியே வருவது நாலு கம்பி. மூன்று கம்பி "பேஸ்". சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அதற்குப் பெயர். நாலாவதுதான் நியூட்ரல். அதை டிரான்ஸ்பார்மர் அடியிலேயே பூமியில் "எர்த்" செய்திருப்பார்கள்.

ஏதாவது ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். உங்கள் வீட்டு லைட், பேன், டி.வி. எல்லாம் ஓடுவது இதில்தான். ஆனால் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட்! (பழைய ஆட்கள் 240, 415 என்று சொல்வார்கள். புதுக் கணக்கில் 230, 400. சரக்கு ஒன்றுதான்.)

230-ம் 230-ம் சேர்ந்தால் 460 ஆச்சே, 400 எப்படி என்று கணக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஒரு மைதானம். அதில் முக்கோணமாக 3 பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் 400 அடி தூரம். நட்ட நடுவில் ஓர் இரும்பு வளையம். வளையத்திலிருந்து ஆளுக்கு ஒரு கயிறு. நடுவிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் தூரம் அளந்து பாருங்கள். 230 அடிதான் வரும். அடிக்குப் பதில் வோல்ட் என்று போட்டுக்கொள்ளுங்கள். திரீ பேஸ் கணக்கு முடிந்தது!

அந்த வளையம்தான் நியூட்ரல். 3 பேரும் ஒரே பலத்தோடு இழுத்தால் வளையம் தானாகவே நடுவில் நிற்கும். ஆனால் நிஜத்தில் அப்படி இழுப்பார்களா? ஒரு வீட்டில் ஏ.சி. ஓடுகிறது. ஒரு வீட்டில் ஒரே ஒரு லைட் எரிகிறது. ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. பலம் மாறிக்கொண்டே இருக்கும்.

அதற்காகத்தான் வளையத்தைத் தரையில் ஒரு முளை அடித்துக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற நாலாவது கம்பிதான் அந்த முளை.

முளை பிடுங்கிக்கொண்டால்? பலசாலி பக்கம் வளையம் ஓடும். அவருக்குத் தூரம் குறையும். மற்ற ரெண்டு பேருக்கும் தூரம் கூடும். கூடிக் கூடி 400 வரைக்கும் போகும்!

கீசர் செய்த கொடுமை

கணக்காகவே பார்ப்போம். ஒரு கட்டிடத்தில் 3 வீடு. வீட்டுக்கு ஒரு பேஸ் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார். மெயின் ஆப்.

கீழ் வீட்டில் 2,000 வாட் கீசர். மேல் வீட்டில் 100 வாட் குண்டு பல்பு. (குண்டு பல்பு இப்போது யார் வீட்டிலும் இல்லை. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்.)

நியூட்ரல் இருக்கிறவரைக்கும் ரெண்டுக்கும் தலா 230 வோல்ட். ஒருவர் வம்புக்கு ஒருவர் போவதில்லை.

நியூட்ரல் அறுந்த நொடியில் ரெண்டும் ஒரே வரிசையில் மாட்டிக்கொள்கின்றன. ரெண்டு பேஸுக்கும் நடுவே உள்ள 400 வோல்ட்டை இந்த ரெண்டும்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்கு சரிபாதியா? இல்லவே இல்லை! பெரிய கீசருக்குக் கிடைப்பது வெறும் 19 வோல்ட். சின்ன பல்புக்குப் போவது சுமார் 380 வோல்ட்!

பல்பு இருக்கிற இடத்தில் உங்கள் டி.வி. இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதிகம் செலவு செய்கிறவன் தப்பித்துக்கொள்கிறான். சிக்கனமாக ஒரு லைட், ஒரு டி.வி. போட்டவன் மாட்டிக்கொள்கிறான். என்ன நியாயமோ!

"பீஸ் ஏன் போகலை? எம்.சி.பி. ஏன் விழலை?" என்று எலக்ட்ரீஷியனிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பாவம், எம்.சி.பி. மேல் தப்பில்லை. ஆம்பியர் அதிகமானால்தான் அது விழும். வோல்ட் அதிகமானது அதற்குத் தெரியாது. ஷாக் அடிக்காமல் காப்பாற்றுகிற ஆர்.சி.சி.பி.யும் இதற்கு உதவாது. அது கரண்ட் கசிவதைத்தான் கண்டுபிடிக்கும்.

"பேஸ் மாத்திப் போடுங்க!"

நியூட்ரல் எங்கே அறுகிறது? காற்றில் கம்பி அறுவது ஒரு பக்கம். ஆனால் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் போகிறது. மீட்டர் போர்டில் ஒரு ஸ்குரூ லூஸ். பில்லர் பாக்ஸில் ஒரு ஜாயிண்ட் கருகல். அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் சரியாகச் சேர்க்காமல் முறுக்கிவிட்ட இடத்தில் பச்சை பூத்துக் கிடக்கும்.

இதில் நம்ம கைங்கரியமும் இருக்கிறது.

ஒரு பேஸ் போய்விட்டால் என்ன செய்கிறோம்? "மத்த பேஸ்ல கரண்ட் இருக்கு சார், மாத்திப் போடுங்க" என்கிறோம். சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்புகிறோம். அது இல்லாத பழைய வீடுகளில் பீஸ் கட்டையைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் சொருகுகிறவர்களும் உண்டு. ஏ.சி., கீசர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒரே பேஸில் ஏறிக்கொள்கின்றன.

மூன்று பேஸிலும் சமமாக லோடு இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஏறக்குறைய ஓடாது. ஒருவர் இழுப்பை மற்றவர்கள் சரிக்கட்டிவிடுகிறார்கள். அதுதான் திரீ பேஸின் அழகு. எல்லாவற்றையும் ஒரே பேஸில் ஏற்றினால் அத்தனை கரண்ட்டும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஏற்கெனவே லூஸாக இருக்கிற ஸ்குரூ சூடாகிறது. கருகுகிறது. ஒருநாள் விட்டுப் போகிறது.

அன்றைக்கு ராத்திரிதான் அந்த "டப்!"

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே அறையில் ஒரு சுவிட்ச் போர்டு சிவப்பு பேஸ், பக்கத்து போர்டு நீல பேஸ் என்று இருந்தால், ரெண்டுக்கும் நடுவே 400 வோல்ட் நிற்கிறது. வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தானே என்று விளையாடுகிற இடமல்ல அது.

மாவு மில்காரர்களுக்கும் அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்களுக்கும் தலைவலி வேறு மாதிரி. மில் மோட்டார், லிப்ட், பெரிய தண்ணீர் மோட்டார் எல்லாம் 3 பேஸிலும் ஓடுகிறவை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் மோட்டார் நிற்காது. "உம்ம்ம்" என்று முனகிக்கொண்டே ஓடும். மீதி ரெண்டு கம்பியிலும் கரண்ட் ஏறி, சுருள் கருகும். காயில் கட்டுகிற கடைக்காரருக்குத்தான் லாபம்.

அமெரிக்காவில் 120 தான்!

"என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே வீட்டில் 120 வோல்ட்டாம். அடுப்புக்கு மட்டும் 240-ஆம். அப்படியானால் ரெண்டு பேஸா?" என்று கேட்கிற அப்பாக்கள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

ரெண்டு பேஸ் அல்ல. ஒரே பேஸ்தான். அதை நடுவில் வகிர்ந்து வைத்திருக்கிறார்கள். "ஸ்பிளிட் பேஸ்" என்று பெயர்.

அங்கே வீதி போஸ்டில் டிரம் மாதிரி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் தொங்கும். ஒரு டிரம் சில வீடுகளுக்குத்தான். அதிலிருந்து 3 கம்பி வரும். ரெண்டு ஓரக் கம்பிகளுக்கும் நடுவே 240 வோல்ட். நடுக் கம்பி நியூட்ரல். நடுவிலிருந்து எந்த ஓரத்துக்கும் 120. முக்கோணம் கிடையாது, ஒரே கோட்டில் ரெண்டு பேர் எதிரெதிராக நின்று கயிறு இழுக்கிறார்கள். அதனால் 120-ம் 120-ம் நேராகவே 240 ஆகிவிடுகிறது. லைட், டி.வி., மிக்ஸிக்கு 120. கரண்ட் அடுப்பு, துணி உலர்த்தும் மிஷின், பெரிய ஏ.சி.க்கு 240.

இது எடிசன் காலத்துச் சரக்கு. 1883-ல் பென்சில்வேனியாவில் சன்பரி என்ற ஊரில் அவர் 3 கம்பி முறையை ஓடவிட்டார். செம்பு மிச்சம் என்பதுதான் காரணம். நம்ம திரீ பேஸ் கொஞ்சம் இளையது. 1891-ல் ஜெர்மனியில் லாப்பன் ஊரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 175 கிலோ மீட்டர் தூரம் அனுப்பிக் காட்டியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

120 வோல்ட்டில் ஒரு சங்கடம் உண்டு. அதே 2,000 வாட்டுக்கு இங்கே 9 ஆம்பியர்கூட ஓடாது. அங்கே 17 ஆம்பியர் ஓட வேண்டும். சாதாரண அமெரிக்க பிளக் பாயிண்ட் 15 ஆம்பியர்தான். வெந்நீர் கெட்டில்கூட அங்கே கொஞ்சம் நிதானமாகத்தான் கொதிக்கும்.

நியூட்ரல் அறுந்தால் அவர்களுக்கும் இதே கதிதான். வளையம் ஒரு பக்கம் ஓடும். 120 வோல்ட் சாமானுக்கு 240 வரை போகும். அமெரிக்காக்காரன் டி.வி.யும் "டப்"தான்!

பேச்சோடு பேச்சாக ஒன்று. மகள் அன்பாக வாங்கிவந்த ஹேர் டிரையரை இங்கே சொருகிவிடாதீர்கள். 120-க்குச் செய்த சாமான் 230-ல் கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தி இழுக்கும். சில நொடியில் புகை. முதலில் சாமான் முதுகைத் திருப்பிப் படியுங்கள். "100-240" என்று இருந்தால் கவலை இல்லை. செல்போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். நம்ம ஊர் மிக்ஸி, கிரைண்டரை அங்கே கொண்டுபோகிறவர்களுக்கு இங்கேயே 110 வோல்ட் மாடல் செய்து விற்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

பளீர் என்றால் மெயினை அணையுங்கள்!

லைட் திடீரென்று பளீர் என்று எரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஓடிப்போய் மெயினை ஆப் செய்யுங்கள். டி.வி. சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. பிறகு மேல் வீடு, கீழ் வீடு எல்லோரையும் கூப்பிட்டு மெயினை அணைக்கச் சொல்லுங்கள். கீழே லைட் மங்கலாக எரிகிறதே, அவர்களுக்கென்ன என்று விட்டுவிடக்கூடாது. லோடு மாறினால் அடுத்த நிமிஷம் அவர்களுக்கும் ஏறும்.

ஓவர் வோல்டேஜ் வந்தால் தானாகவே துண்டிக்கிற பெட்டி கடைகளில் கிடைக்கிறது. மெயினோடு சேர்த்து மாட்டிக்கொள்ளலாம். ஒரு டி.வி. விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் போர்டு ஸ்குரூக்களை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ளது மின்வாரியத்தார் வேலை. அதில் கை வைக்கக்கூடாது.

பழைய வீடு என்றால் இன்னொன்றும் கேளுங்கள். நியூட்ரல் கம்பியிலும் பீஸ் போட்டு வைத்திருக்கிறார்களா? பேஸில் மட்டும்தான் பீஸ் இருக்க வேண்டும். 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே நியூட்ரலில் பீஸ் கூடாது என்று இருக்கிறது. இருந்தும் பழைய கட்டிடங்களில் அந்தக் கட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

புகார் சொல்ல "மின்னகம்" இருக்கிறது. 94987 94987. "கரண்ட் இல்லை" என்று சொன்னால் வரிசையில் ஒன்றாகப் போய்விடும். "நியூட்ரல் கட், வோல்டேஜ் ஏறுது" என்று சொல்லுங்கள்.

லைன்மேன் வருகிறவரைக்கும் எந்த பிளக்கிலும் கை வைக்க வேண்டாம். ஒரு வீட்டுக்கு வருகிற நியூட்ரல் மட்டும் அறுந்திருந்தால் லைட் எரியாது. கரண்ட் போய்விட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் சுவிட்ச் போட்டிருக்கிற பல்பு வழியாகப் பேஸ் இறங்கி, நியூட்ரல் கம்பியிலும் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்க்கும்போது கவனியுங்கள். பிளக் பாயிண்டின் ரெண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும்!