தந்தையின் அன்பும் தனயனின் கடனும்

மகனைத் தன் வழியிலே நடத்திச் செல்வது தந்தையின் உரிமையென்று நம்மவர் கருதுகின்றனர். மகன் வேறு வழி கண்டதனால் அன்பு பகையாய் மாறிய இல்லங்கள் நம் நாட்டில் அநேகம். அவ்வாறன்றி, மகன் சென்ற வழியிலே முதுமையில் தாமும் நடக்கத் துணிந்த தந்தை ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் பண்டித மோதிலால் நேரு.

1861-ல் மோதிலால் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே அவருடைய தந்தை காலமாகிவிட்டார். தந்தையின் முகமறியாத அவர், தமது ஏக புதல்வர் ஜவாஹர்லாலிடம் வைத்த வாஞ்சைக்கு எல்லையில்லை. 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சிறை புக மகன் முனைந்தபோது, தந்தையின் உள்ளம் பதைத்தது, தடுத்துப் பார்த்தார். சிறையில் தரையிலே படுப்பது எவ்வாறிருக்குமென்று அறிய, செல்வம் கொழித்த தம் மாளிகையில் தாமே இரவில் தரையில் படுத்துப் பார்த்தார். மகன் இதனை அறிந்தது பிற்பாடுதான்.

மகனைத் தடுக்க இயலாத அன்பு, அவருடன் செல்லத் துணிந்தது. பெரும் பொருள் ஈட்டிய வக்கீல் தொழிலை மோதிலால் துறந்தார். 1921 டிசம்பரில் இருவரும் ஒரே நாளில் கைதாயினர். 1929-ல் லாகூர் காங்கிரஸில் தந்தை வகித்த தலைமைப் பதவியைத் தனயர் ஏற்றார். 1930 ஜூன் 30-ந் தேதி மோதிலால் மீண்டும் கைதாகி, மகன் இருந்த நைனி சிறைக்கே கொண்டுவரப்பட்டார். அங்கே பத்து வாரம், அதிகாலைத் தேநீர் முதல் இரவு துயிலும் வரையில், நோயுற்ற தந்தையின் தேவைகளை மகன் குறிப்பறிந்து கவனித்தார். உடல் நலிவு கருதி செப்டம்பர் 8-ந் தேதி தந்தை விடுவிக்கப்பட்டார். 1931 ஜனவரி 26-ந் தேதி மகன் விடுதலை பெற்று வந்தபோது, தந்தை மரணப் படுக்கையில் இருந்தார். பிப்ரவரி 6-ந் தேதி லக்னோவில் அவரது ஆவி பிரிந்தது. எஞ்சிக் கிடைத்தவை பதினொரு நாட்களே.

நிற்க. பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டுமென்று 2007-ல் நம் நாட்டில் சட்டம் இயற்ற நேர்ந்தது. திக்கற்ற முதியோருக்கு அச்சட்டம் அவசியமே. அதனைக் குறை கூறோம். ஆனால் மாதந்தோறும் இன்ன தொகை தருக என்று விதிக்கலாமேயன்றி, குறிப்பறிந்து தேநீர் தருக என்று எந்தச் சட்டமும் விதிக்க இயலாது. பொதுப்பணியிலே பொழுதெல்லாம் செலவிடும் நம் வாலிபர்கள் இதனை மறவாதிருப்பார்களாக. தேசத்தின் பணி நாளையும் காத்திருக்கும். முதிர்ந்த தந்தை காத்திருப்பது நிச்சயமன்று.