மண்ணுக்குள் மெல்லிய குழாய்கள்

சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்குத் தோட்டத்துக்கு நீர் ஊற்றுகிறீர்கள். மாலையில் மேல்மண் காய்ந்து கிடக்கிறது. செடி குடித்தது போக மீதி நீர் எங்கே போயிற்று?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் 1 லிட்டர். ஈர மண்ணிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொள்வோம்; கோடையில் இது மிகையன்று. 10 சதுர மீட்டர் பாத்தி 50 லிட்டரை இழக்கிறது. அதாவது, மூன்று குடம்! 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, மூன்று குடம் நீருக்காக மக்கள் லாரியை எதிர்பார்த்துத் தெருவில் நின்றார்கள்.

மேல்மண் காய்ந்த பிறகும் இழப்பு உடனே நின்றுவிடுவதில்லை. மண் துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியே அடிமண்ணின் ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. இதுவே நுண்புழை ஏற்றம். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 15 சென்டிமீட்டர் ஏறும். ஆரம் பாதியானால் உயரம் இரட்டிக்கும். வகுப்பில் நாங்கள் கண்ணாடிக் குழாயோடு நிறுத்திக்கொள்கிறோம். காலடி மண்ணையும் காட்டியிருக்கலாம்!

உழவர்கள் மேல்மண்ணை இலேசாகக் கொத்திவிடுவது ஏன் என்று இப்போது விளங்கும். கொத்திய மண்ணில் இடைவெளிகள் பெரிதாகிவிடுவதால் நீரால் அவற்றைத் தாண்டி ஏற இயலாது. மூடாக்கு இன்னும் நல்லது. 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைத் தருவது வெயில். காய்ந்த சருகோ வைக்கோலோ நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் வெயிலும் காற்றும் மண்ணைத் தொடா.

நம்பிக்கை வரவில்லையா? ஒரே அளவான இரு தொட்டிகளில் சம எடை மண்ணும் சம அளவு நீரும் இடுங்கள். ஒன்றை மட்டும் சருகால் மூடி, இரண்டையும் வெயிலில் வைத்து, ஐந்து நாள் தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள்.

இன்னொரு வழி பானைப் பாசனம். கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலொன்றிலேயே இது காணப்படுகிறது. மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, சுற்றிலும் பூசணியோ சுரையோ நடவேண்டும். சுற்றியுள்ள மண் காயக் காயப் பானையின் நுண்துளைகள் வழியே நீர் வேகமாகக் கசியும். மண் நனைந்ததும் கசிவு குறையும். திறந்து மூட ஆள் தேவையில்லை. கொசு முட்டையிடாதபடி வாயை மட்டும் மூடிவையுங்கள். வண்ணம் பூசிய பானை உதவாது, துளைகள் அடைபட்டிருக்கும்.