கொதிக்காத கொதிப்பு

தமிழில் இந்த நோய்க்கு வாய்த்த பெயர் சரியில்லை. ரத்தக் கொதிப்பு என்கிறோம். கேட்டவுடனே அடுப்பில் உலை கொதிப்பதுதான் மனத்தில் வருகிறது. கோபக்காரர்களுக்கு வரும் வியாதி, வந்தால் முகம் சிவக்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும் என்று நாமாகவே முடிவுகட்டிக்கொள்கிறோம். “நான் சாந்தமான ஆளுங்க, எனக்கு எங்கே பிரஷர்?” என்று கேட்கிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். ரத்தம் கொதிப்பதே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரிவதும் இல்லை.

உயர் ரத்த அழுத்தம் ஒரு மனிதரின் உடம்பை எப்படிப் படிப்படியாகச் சிதைக்கிறது என்பதற்கு அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மருத்துவக் குறிப்புகள் தெளிவான சாட்சி. 1935இல் அவருடைய அளவு 136/78. 1937இல் 162/98. 1941இல் 188/105. நாட்டை நடத்திக்கொண்டிருந்தவரின் உடம்பில் எண்கள் இப்படி ஏறிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பொறுப்பு மருத்துவராக இருந்தவர் காது மூக்கு தொண்டை நிபுணரான ராஸ் மெக்கின்டயர். 1944 மார்ச் இறுதியில்தான் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் அதிபரைப் பரிசோதித்தார். அளவு 186/108. இதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது, உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், தன் உருவப்படத்தை வரைந்துகொண்டிருந்த ஓவியர் முன் உட்கார்ந்திருந்த ரூஸ்வெல்ட், பின்னந்தலை கடுமையாக வலிப்பதாகச் சொல்லிச் சரிந்தார். அப்போது எடுத்த அளவு 300/190. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது 63. யாரும் எதிர்பாராத சாவு என்றே மெக்கின்டயர் சொன்னார். புரூயன் தன் குறிப்புகளை 1970இல் வெளியிட்ட பிறகுதான் அது பத்து ஆண்டுகளாக நடந்துவந்த சாவு என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன? மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் படும் அழுத்தம். கீழ் எண், இதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும்போது குழாயில் எஞ்சியிருக்கும் அழுத்தம். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் குழாயைச் செருகி அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்துப் பார்த்ததை வெளியிட்டார். ரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பி நின்றது. நாம் சொல்லும் 120, 140 எல்லாம் பாதரசத்தின் மில்லிமீட்டர் கணக்கு. அதை ஹேல்ஸின் குழாய்க்கு மாற்றிப் பார்த்தால் 120 என்பது ஏறக்குறைய ஐந்தடி உயர ரத்தம், 180 என்பது ஏழரை அடி. அந்தக் கூடுதல் இரண்டரை அடியை இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை தூக்குகிறது.

கர்லாக்கட்டை சுற்றுகிறவரின் புஜம் பெருப்பதுபோல, இதயத்தின் இடது கீழறைச் சுவரும் தடிக்கிறது. புஜம் தடித்தால் பலம், இதயம் தடித்தால் நஷ்டம். விறைத்த அறை சரியாக விரிந்து ரத்தத்தை வாங்காது. பிறகு அதுவே களைத்துத் தொய்ந்துபோகும். படுத்தால் மூச்சு வாங்குவதும் சாயங்காலத்தில் கால் வீங்குவதும் அந்தக் கட்டத்தில்தான். ரூஸ்வெல்ட்டிடம் புரூயன் பார்த்தது இதைத்தான்.

குழாய்களின் கதை வேறு. ரத்தக்குழாயின் உள்பூச்சு வழவழப்பாக இருக்கும்வரை ரத்தம் ஒட்டாமல் ஓடும். ஓயாத அழுத்தத்தில் அந்தப் பூச்சு சிராய்த்துப்போனால் அங்கே கொழுப்பு படிகிறது, சுவர் தடித்து இறுகுகிறது. மூளைக்குப் போகும் குழாயில் இது இரண்டு விதமாக முடியும்: அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெடிக்கும். இரண்டையுமே பக்கவாதம் என்கிறோம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மூளையின் ஆழத்தில் உள்ள நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல் அடைபடும். கை கால் விழாது. மறதி கூடும், நடை தடுமாறும், வீட்டில் உள்ளவர்கள் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள்.

சிறுநீரகம்தான் இதில் விசித்திரமான பாத்திரம், குற்றவாளியும் அதுவே, பலியாளும் அதுவே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள். உடம்பில் எவ்வளவு உப்பு தங்க வேண்டும், எவ்வளவு வெளியேற வேண்டும் என்று தீர்மானிப்பவை அவை. உப்பு தங்கினால் கூடவே தண்ணீரும் தங்கும். அதே குழாய்களில் அதிகத் தண்ணீர் என்றால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் அந்த வடிகட்டிகளையே சிதைக்கும். சிதைந்த சிறுநீரகத்தால் உப்பை முன்போல வெளியேற்ற முடியாது. அழுத்தம் இன்னும் ஏறும். டயாலிசிஸ் வரை போகிற பலருடைய கதை இந்தச் சுழலில் தொடங்கியதுதான்.

கண்ணையும் விட்டுவைப்பதில்லை. விழித்திரையில் மட்டும்தான் கத்தி வைக்காமலே ரத்தக்குழாய்களை நேரடியாகப் பார்க்க முடியும். கண்ணாடி மாற்றப் போன இடத்தில், “முதலில் பி.பி. பாருங்கள்” என்று கண் மருத்துவர் சொல்லி அனுப்பியது உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது நடந்திருக்கும்.

இதெல்லாம் ஏன் வருகிறது என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. தாய் தந்தையிடமிருந்து வந்த வாகு, வயது, தொப்பை, குடி, உடலுழைப்பின்மை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. ‘வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே’ என்பது மட்டும் சரியல்ல. 1988இல் வெளியான இன்டர்சால்ட் என்ற ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் நடந்தது. அதில் பிரேசில் காட்டில் வாழும் யனோமாமி மக்கள் உப்பை அறவே சேர்க்காதவர்கள். அவர்களுடைய அழுத்தம் தாழ்வாகவே இருந்தது, வயதோடு ஏறவும் இல்லை.

நாமோ உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டி, சமையல், தொட்டுக்கொள்வது எல்லாம் சேர்த்து. ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் அந்தக் கணக்கில் அடங்கவே அடங்காது. ‘நாங்க இந்துப்புக்கு மாறிட்டோம்’ என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். உண்மையில் பலன் தந்தது வேறு. சீனாவின் 600 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021இல் அதன் முடிவு வெளியானது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சிலவகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

யாரும் சந்தேகப்படாத சில காரணங்களும் உண்டு. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடும் வலி மாத்திரை அழுத்தத்தை ஏற்றும். தொண்டைக்கு நல்லது என்று நாள்தோறும் மெல்லும் அதிமதுரமும் ஏற்றும். பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு அந்தத் தூக்கமே காரணமாக இருக்கலாம். இளவயதிலேயே அளவு எகிறினால் சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கிறதா, ஹார்மோன் சுரப்பிகளில் கட்டி இருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடுவார்கள். கோபம்? அது அழுத்தத்தைச் சற்று நேரம் ஏற்றிவிட்டு இறங்கிவிடும். சாந்தமானவர்களுக்கும் இந்த நோய் தாராளமாக வருகிறது.

ரூஸ்வெல்ட்டுக்குப் புரூயனால் செய்ய முடிந்தது குறைவுதான். இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், உப்புக் குறைப்பு, சிகரெட்டைக் குறைத்தல், ஓய்வு. அழுத்தத்தைக் குறைக்க நம்பத்தக்க மாத்திரை அன்று கிடையாது. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1949இல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் எழுதினார். அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது 1952இல். மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளுக்கு அஞ்சி இன்று அதை அதிகம் எழுதுவதில்லை. வேரைத் தேடிப் பொடிசெய்து சாப்பிட வேண்டாம். இன்றைய அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவை பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகின்றன, விலையும் மலிவு.

இங்கேதான் அந்தக் ‘கொதிப்பு’ என்ற சொல் இரண்டாவது முறை கெடுக்கிறது. கொதிப்பு அடங்கினால் அடுப்பை அணைப்பதுதானே வழக்கம்? அளவு 130க்கு இறங்கியதும் ‘சரியாயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இறக்கி வைத்திருந்ததே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறுவதும் தெரியாது. எடை குறைந்தும் உப்பு குறைந்தும் மாத்திரையைக் குறைக்க முடிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதை அளந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் வயதுவந்த ஆண்களில் 24 சதவீதமும் பெண்களில் 21 சதவீதமும் ரத்த அழுத்தம் கூடியவர்கள், அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளவு பார்க்கக் காசு வாங்குவதில்லை. போகும்போது ஓடிப்போய்க் கையை நீட்டாதீர்கள். அரை மணி முன்னால் காபி, பீடி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பேச வேண்டாம். ஒருமுறை 140/90ஐத் தாண்டியதும் பதற வேண்டாம், வேறொரு நாளும் பாருங்கள். முப்பது வயதைக் கடந்து, இந்த ஓராண்டில் ஒருமுறைகூடக் கையில் பட்டை கட்டிப் பார்க்காதவர் நீங்கள் என்றால், இந்த வாரமே போய்விட்டு வாருங்கள். அளவு எத்தனை என்று கேட்டு, தேதியோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.