கண்மாய்ப் பக்ஷிகளின் கூடுகளைக் கணக்கெடுத்தல்

ராமநாதபுரம் ஜில்லாவில் வடகிழக்குப் பருவமழையால் கண்மாய்கள் நிரம்பியதும், நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலிய பக்ஷிகள் வந்து நாட்டுக்கருவேல மரங்களில் கூடு கட்டுவதை யாவரும் கண்டிருக்கலாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989-ஆம் வருஷத்தில் சரணாலயங்களாக்கப்பட்டன. பின்னர் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் சேர்ந்தன.

இவைகளால் குடியானவருக்கு லாபமென்ன என்று சிலர் வினவுகின்றனர். பக்ஷிகளின் எச்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்தது. அது மரத்தடி ஜலத்தில் கரைந்து, மடை வழியே செலவின்றி வயலுக்குச் செல்கிறது.

ஆகையால் கூடுகளைக் கணக்கெடுத்து வருதல் நன்று. முறை வருமாறு: காலையில் கரைமீது நின்று, மரந்தோறும் இனவாரியாகக் கூடுகளை எண்ணிக் குறிக்கவேண்டும். பறக்கும் பக்ஷிகளை எண்ணினால் ஒன்றையே இருமுறை எண்ண நேரும். மரத்தை நெருங்குதல் கூடாது. தாய் எழும்பிவிட்டால் முட்டை வெயிலில் கெடும், குஞ்சைக் காக்கை கவரும். மாதம் ஒருமுறை எண்ணி, நீர்மட்டத்தையும் உடன் எழுதிவைத்தால், நீர் குறையக் கூடுகள் எவ்வளவு குறைந்தன என்பது விளங்கும்.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பதுபோல் இவைகளுக்கு வைத்தல் பயன்படாது. நீர் சூழ்ந்த கருவேல மரமே இவற்றின் பெட்டி. அதை வெட்டினால் மறுபடி வளரப் பல வருஷங்களாகும். குஞ்சுகள் பறக்குமுன் மீனுக்காகக் கண்மாயை வடித்தாலோ, நாயும் நரியும் மரத்தடிக்கு வர வழியாகும். பக்ஷிகள் கூட்டைக் கைவிடும்.

சிவகங்கை ஜில்லா கொள்ளுக்குடிப்பட்டியார் பக்ஷிகளின் பொருட்டுத் தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. நம் கிராமத்தாரும் அதிகாரிகளும் மீன் குத்தகை பேசுமுன் கூடுகளின் கணக்கை ஒருமுறை பார்ப்பார்களாக.