75 சதவீதம் எந்த நேரத்துக் கணக்கு?

விறகிலோ பெல்லட்டிலோ எரியும் பாய்லர் வைத்து வீட்டைச் சூடாக்குவோருக்கு அமெரிக்க மத்திய அரசு தந்துவந்த வருமான வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. மிச்சிகன், மினசோட்டா, நியூயார்க்கின் வடபகுதி என்று குளிர் கடுமையான இடங்களிலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2025-இலேயே முன்பணம் கட்டியாயிற்று, பனிக்காலம் போனபின் பொருத்தினாலும் சலுகை கிடைக்குமா? ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சான்று இருந்தால் போதுமா? விளம்பரத்தில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, அது எதில் 75?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: கிடைக்காது. செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் என்பதாக இருந்தது சலுகை. பணம் கட்டிய தேதியோ பாய்லர் வீட்டு வாசலில் வந்து இறங்கிய தேதியோ செல்லாது. பொருத்தும் வேலை முடிந்த நாள்தான் கணக்கு. 2032 வரை நீடிக்க வேண்டிய சலுகை இது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அதை ஏழாண்டுகள் முன்னதாகவே முடித்துவிட்டது. இனிமேல்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பவர்கள் சலுகையை மறந்துவிட்டு, பாய்லர் தங்களுக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்ப்பது நல்லது.

அந்தப் பொருத்தம் மூன்றாவது கேள்விக்குள்தான் இருக்கிறது.

காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு, சூடேறும்போது வாயுவாகவும் ஆவியாகவும் வெளியேறும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தார் எல்லாம் அதில் உண்டு. பழைய வெளிமுற்றப் பாய்லர்களில் இதில் பெரும்பகுதி எரியாமலே புகைபோக்கி வழியாகப் போய்விடும். வாயுவாக்கி பாய்லர் அதை விடுவதில்லை. மேல் அறையில் விறகை அடுக்கி மூடினால் அடுக்கின் அடிப்பகுதி மட்டும் கனலும். விசிறியின் வேகத்தில் வாயு முழுவதும் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, வெப்பம் தாங்கும் செங்கல்லில் உள்ள குறுகிய நாசில் வழியாக இறங்கும். அங்கே சூடான காற்று மறுமுறை சேர்கிறது. கீழ் அறையில் ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸில் அந்த வாயு தீச்சுடராக எரிந்து, தண்ணீர் சூழ்ந்த குழாய்களில் வெப்பத்தை இறக்கிவிட்டுப் போகிறது. நன்றாக எரியும்போது புகைபோக்கியின் முனையில் நீராவியைத் தவிரக் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. அழகான பொறியியல் இது. விறகு எரிக்கும் வீட்டுச் சாதனங்களில் இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டவை குறைவு.

ஆனால் இந்த அழகெல்லாம் விசிறி ஓடும்வரைதான். வீடு போதுமான அளவு சூடாகி, பாய்லர் தண்ணீரும் குறித்த வெப்பநிலையைத் தொட்டுவிட்டால் விசிறி நின்று காற்று வாய் அடைபடும். உள்ளே அடுக்கிய விறகு அணைந்துவிடாது. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை மண் பூசி மூடிக் கரிமூட்டம் போடுவதுபோல, காற்றில்லாமல் மூச்சடைத்துக் கனன்றுகொண்டிருக்கும். கீழ் அறை குளிர்ந்துபோக, வாயுவை எரிக்கும் சுடரும் போய்விடும். கசியும் தார் சுவர்களில் கிரியோசோட்டாகப் படியும். மறுபடி விசிறி சுழலத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் கரும்புகை வருவது இதனால்தான்.

ஒரு வீடு எத்தனை நேரம் இப்படிப் பாய்லரைச் சும்மா நிறுத்தி வைக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 சதவீத ஈரமுள்ள விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் இருக்கிறது. 50 கிலோ அடுக்கினால் 200 யூனிட். அதில் 70 சதவீதம் தண்ணீருக்குப் போனால் 140 யூனிட் கையில். அக்டோபர் மாதத்தில் ஓரளவு நல்ல வீட்டுக்கு மணிக்கு 4 யூனிட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 140 யூனிட் 35 மணி நேரத்துக்கு வரும். ஜனவரியின் கொடுங்குளிரை மனத்தில் வைத்து வாங்கிய 40 கிலோவாட் பாய்லரோ முழு வீச்சில் எரிந்தால் மூன்றரை மணி நேரத்தில் அதைத் தந்து முடித்துவிடும். ஆகவே அந்த 35 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் நல்ல சுடர். மற்ற நேரமெல்லாம் மூட்டம்.

பாய்லருக்குள்ளேயே ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கிறதே, அது தாங்காதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தத் தண்ணீரின் வெப்பநிலை சில டிகிரிக்குள்தான் ஏறி இறங்கும். ஆயிரம் லிட்டர் 6 டிகிரி ஏறினால் சேர்வது 7 யூனிட், அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. தனியாக 3,000 லிட்டர் தொட்டி வைத்து 40 டிகிரி ஏற்றி இறக்கினால் சேர்வது 140 யூனிட், ஒரு முழு அடுக்கின் வெப்பம். பாய்லர் ஒரே மூச்சில் எரிந்து முடித்துவிடலாம். வீடு தொட்டியிலிருந்து வேண்டியபோது எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் 2010-இல் வந்த விதி, கையால் விறகு போடும் பாய்லர்களுக்குக் கிலோவாட்டுக்குக் குறைந்தது 55 லிட்டர் தொட்டி கேட்கிறது. அமெரிக்க வரிச்சலுகைச் சட்டமோ தொட்டியைப் பற்றிக் கேட்கவேயில்லை. 75 என்ற ஒரே எண்தான் அதற்குத் தேவைப்பட்டது.

அந்த எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. புகையோடு போகும் நீராவியின் வெப்பத்தையும் விறகின் இருப்பில் சேர்த்துக் கணக்கிடும் 'உயர் வெப்ப மதிப்பு' முறையில் 75 வர வேண்டும் என்றது சட்டம். ஐரோப்பிய விற்பனை ஏடுகள் அந்த வெப்பத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதால் அதே பாய்லர் அங்கே கூடுதல் சதவீதம் காட்டும். '99 சதவீத எரிப்புத் திறன்' என்று எழுதியிருந்தால், அது விறகு எந்த அளவு எரிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு வெப்பம் தண்ணீரில் இறங்கியது என்பது வேறு கணக்கு.

இனி ஈபிஏ சான்று. உற்பத்தியாளர் பணம் கொடுத்து, ஈபிஏ அங்கீகரித்த ஆய்வகத்தில் ஒரு மாதிரியைச் சோதித்துப் பெறும் தாள்தான் அது. வாங்குபவரின் வீட்டில் அந்த பாய்லர் எப்படி எரியும் என்பதற்கு அது உறுதியல்ல. 2015-இல் வந்த விதி, பத்து லட்சம் பிடியூ வெப்பத்துக்கு 0.32 பவுண்டு நுண்துகள் வரை அனுமதித்தது. அதுவும் நான்கு வேகங்களில் எரித்துப் பார்த்து எடுத்த சராசரி. ஒரு வேகத்தில் மோசமாக எரிந்தாலும் இன்னொன்று ஓரளவு காப்பாற்றிவிடும். 2020 மே 15 முதல் ஒவ்வொரு வேகத்திலும் தனித்தனியாக 0.10 தாண்டக் கூடாது. சாதாரணப் பிளந்த விறகில் சோதித்தால் 0.15. சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் வழியை அடைத்த இந்த மாற்றம் உண்மையிலேயே நல்லது. ஆயினும் ஆய்வகத்தில் வெப்பத் தேவை சீராக இருக்கும். வீட்டிலோ காலையில் எல்லோரும் குளிக்கும்போது எகிறி, மதிய வெயிலில் விழுந்துவிடும்.

நியூயார்க் மாநில எரிசக்தி அமைப்பான நைசெர்டா, ஈபிஏயுடன் சேர்ந்து செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வித்தியாசத்தைத்தான் பார்த்தது. சிரக்யூஸ் நகர வீடு ஒன்றின் குளிர்கால நாளை ஆய்வகத்தில் நடித்துக் காட்டி, பலவகைச் சாதனங்களை எரித்தார்கள். ஒற்றை அறைப் பழைய பாய்லர் திறனில் மிகவும் பின்தங்கியது. வெப்பத் தொட்டியோடு ஓடிய வாயுவாக்கி வெகுவாக முந்தியது.

சான்றிதழ்களையும் சிலர் சரிபார்த்திருக்கிறார்கள். வடகிழக்கு மாநிலங்களின் காற்றுத்தூய்மைக் கூட்டமைப்பான நெஸ்காம், அலாஸ்கா மாநில அரசோடு சேர்ந்து 250 விறகு அடுப்புகளின் சான்றிதழ் ஆவணங்களைப் படித்து, 2021-இல் ஏற்பாடு முழுவதிலும் ஓட்டை இருப்பதாகச் சொன்னது. 2023 பிப்ரவரியில் ஈபிஏயின் சொந்தத் தணிக்கைத் தலைவர் அலுவலகமே, சாதனங்கள் கடைக்கு வருமுன் ஒழுங்காகச் சோதிக்கப்படுகின்றன என்ற நியாயமான உறுதியை இத்திட்டம் தரவில்லை என்று எழுதியது. குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் இது வெறும் காகிதப் பிரச்சினையல்ல. அங்கே பக்கத்து வீட்டுப் புகை குழந்தையின் நுரையீரலில் போய்த் தங்குகிறது.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, தொட்டிக்கு இடமும் விலையும் சேர்த்துத்தான் மதிப்பீடு தந்தாரா என்பது. 'இதற்குத் தொட்டியே வேண்டாம்' என்று பதில் வந்தால், வீட்டின் வெப்பத் தேவையை அவர் எப்படிக் கணக்கிட்டார் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற கேள்விகள்.

பச்சை விறகு போடலாமா? கூடாது, அதன் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். பிளந்து அடுக்கி ஒரு முழுக் கோடையாவது காயவிட்டு, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானி வைத்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரம் போனால்? விசிறியும் பம்பும் நின்றுவிடும். ஜெனரேட்டரோ பேட்டரியோ அவசியம்.

தொட்டியிலிருந்து ஆறிய தண்ணீர் திரும்பினால்? 60 டிகிரிக்குக் கீழே போனால் பாய்லர் உட்சுவரில் ஈரம் பூத்து இரும்பை அரிக்கும். கலப்பு வால்வு கட்டாயம்.

பாய்லரிலிருந்து வீட்டுக்கு வரும் நிலத்தடிக் குழாய்? மேலே பனி கோடாக உருகினால் காப்புறைக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம்.

பெயிண்ட் அடித்த பலகை, குப்பை? சட்டப்படியே தடை.

அண்டை வீட்டுக்கு எவ்வளவு தள்ளி? நியூயார்க்கில் வீட்டுக்கான புதிய வெளிமுற்றப் பாய்லர் எல்லைக் கோட்டிலிருந்து 100 அடி தள்ளி இருக்க வேண்டும், புகைபோக்கி 18 அடி உயரம். மற்ற இடங்களில் ஊர் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும்.

2025 முடிவதற்குள் பொருத்தியவர்கள் சலுகை கேட்க? வரிப் படிவம் 5695. 2025-இல் பொருத்தியவற்றுக்கு உற்பத்தியாளரின் குறியீட்டையும் அதில் எழுத வேண்டும் என்பதால், அதைக் கடையிலிருந்து இப்போதே வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளவும்.