உங்களுக்குத் தெரியுமா? – கத்திக்கு முன் ஓர் அறிமுகம்

பாப்பாரப்பட்டியிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கென்று தருமபுரிக்கோ சேலத்துக்கோ புறப்படும் நோயாளி, டாக்டரின் கைத்திறன் ஒன்றையே பிரதானமாக நம்பிச் செல்கிறார். ஆனால் மறதி, களைப்பு, மூத்தவரிடம் வாய்திறக்கும் அச்சம் முதலிய மனித சுபாவங்களும் அபாயத்துக்குக் காரணமாகின்றன என்பதை உணர்ந்தே, உலக சுகாதார ஸ்தாபனம், டாக்டர் அதுல் கவாண்டே தலைமையில் 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலொன்றை 2008-இல் வெளியிட்டது.

கத்தி தோலைத் தொடுமுன் அறுவை அரங்கிலுள்ளோர் யாவரும் தத்தம் பெயரையும் பொறுப்பையும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சிறுபிள்ளை விளையாட்டுப்போலத் தோன்றினும், ஒருமுறை வாய்திறந்துவிட்ட நர்ஸுக்குத்தான், பிழை கண்டவிடத்து ‘சற்றுப் பொறுங்கள், டாக்டர்’ என்று தடுக்கும் தைரியம் பிறக்கும். புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் இப்பட்டியலைப் பரீட்சித்தபோது, மரண விகிதம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது.